நாற்பத்தெட்டு மாநிலங்கள்

சென்ற மாதம் பக்கத்து வளவுப் பிள்ளைகள் இரண்டு பேர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். பாடசாலையில் பொது அறிவுப் போட்டியாம். படித்த மனிதர், தனியாக இருக்கிறவர், கதைக்க ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார் என்று தாய் அனுப்பியிருக்கிறாள். ஆறுகள், மலைகள், கண்டுபிடிப்புகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நானும் உற்சாகமாகத்தான் பதில் சொன்னேன். பிறகு மூத்தவள் கொப்பியைத் திருப்பி, அமெரிக்காவில் எத்தனை மாநிலங்கள் என்று கேட்டாள். தெரியாது பிள்ளை, ஃபோனில் பாருங்கள் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். பிறகு வரவில்லை.

எனக்குத் தெரியும். பதினொரு வயதிலிருந்தே தெரியும். அந்த வயதில் எங்கள் வீட்டில் அந்த விடை தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதைச் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மன்னிப்புக் கேட்க ஆளில்லாத காலத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வது சுலபம் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு வட்டுக்கோட்டையில், பழைய கல்லூரி வளவுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். அம்மா எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் இறந்துபோனார். சமையலுக்கென்று அப்பாவின் தங்கை, என் மாமி, எங்களோடு வந்து இருந்தார். அண்ணை என்னைவிட எட்டு வயது மூத்தவர். என்னைக் குளிக்க வார்த்தது, சீப்பால் தலை இழுத்துவிட்டது, சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்தது எல்லாம் அவர்தான். அப்பா கூடாத மனிதர் அல்ல. ஆனால் கணக்கின் விடை வந்ததும் கரும்பலகையைத் துடைத்துவிடுகிறவர் போல, வீட்டிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். மாமிக்குக் குசினியும் கோயிலும்தான் உலகம். என்னோடு இருந்து கதைக்கிறவர் அண்ணை ஒருவரே.

எங்கள் குடும்பப் பெயர் ஓர் அமெரிக்கருடையது. இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, கடலுக்கு அப்பாலிருந்து அவர்களின் படிப்புக்கு உதவிய தர்மவான்களின் பெயர்களையே வைத்தார்கள். அப்பாவின் பூட்டனுக்குக் கிடைத்தது மசாச்சுசெற்ஸில் மரவியாபாரம் செய்த ஒருவரின் பெயர். அவர் எங்களைக் கண்டதில்லை. நாங்களும் அவரைக் கண்டதில்லை. என்றாலும் அப்பா அந்த மரவியாபாரியைப் பற்றி, கொஞ்சம் வசதியான ஒரு தூரத்துச் சொந்தக்காரரைப் பற்றிக் கதைப்பதுபோலத்தான் கதைப்பார். வாழ்நாளில் மூன்று முறைதான் கொழும்புக்குப் போனவர், மிசிசிப்பி ஆறு எங்கே தொடங்கி எங்கே கடலில் விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

எனக்குப் பதினொரு வயதான வருடம் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவிலிருந்து மூன்று பேர் வரப்போகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டு வாலிபர் ஒருவரைத் தெரிந்தெடுத்து, ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் நான்கு வருடம் படிப்பிப்பார்கள். கப்பல் பயணமும் அவர்கள் பொறுப்பு. பள்ளிக்கூடங்களின் சிபாரிசைப் பார்த்து, கடைசியில் இரண்டு பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணப் பட்டணத்துப் பையன். மற்றவர் அண்ணை. அவருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கவில்லை. இது கைகூடினால் படிப்பு, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கடையில் கணக்கப்பிள்ளை. இதை அப்பா சாப்பாட்டு மேசையில் ஒரு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

போகிற நாட்டைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்க்கப் பொது அறிவுக் கேள்விகள் கேட்பார்களாம். அந்நாட்டுச் சரித்திரம், பூகோளம், அங்குள்ள சனங்களின் விளையாட்டு, படம், பாட்டு. அப்பா பள்ளிக்கூட லைபிரரியிலிருந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தார். அமெரிக்காவைப் பற்றிய எல்லாம் கேள்வியும் விடையுமாக அதில் இருந்தன. எப்போதோ ஊர் திரும்பிய ஒரு மிஷன் அம்மையார் விட்டுப்போன புத்தகம். மூலைகளைக் கறையான் தின்றிருந்தது. அச்சிட்ட வருடம் இருந்த பக்கம் கிழிந்து போயிருந்தது. அதனால் என்ன, அந்த அம்மையார் கையால் தொட்ட புத்தகத்தில் பிழை இராது என்று அப்பா சொல்லிவிட்டார்.

பின்னேரத்தில் அண்ணை கிணற்றடியில் என்னைக் குளிக்க வார்ப்பார். அந்த நேரத்தையே படிப்புக்கும் எடுத்துக்கொண்டார். உடுப்புத் தோய்க்கிற கல்லில் தண்ணீர் படாமல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நான் கேள்வியை வாசிப்பேன். அவர் துலாவை இழுத்து ஒரு வாளி அள்ளி, விடையைச் சொல்லிவிட்டு என் தலையில் ஊற்றுவார். விடை பிழைத்தால் தண்ணீர் இல்லை. சரியான விடையை அவர் மூன்று தரம் சொல்லும்வரை நான் சவர்க்கார நுரையோடு நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். சுதந்திரப் பிரகடனம் எந்த வருடம்? ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறு, ஒரு வாளி. சுதந்திர தேவி சிலையைக் கொடுத்த நாடு? பிரான்ஸ், ஒரு வாளி. மரக்குற்றி வீட்டில் பிறந்து அடிமைகளை விடுவித்தவர் எத்தனையாவது ஜனாதிபதி? பதினாறாவது. அலாஸ்காவை யாரிடம் வாங்கினார்கள்? ரஷ்யாவிடம். மாநிலங்களை ஒப்புவிக்கிற நாள்தான் எனக்குப் பிடித்த நாள். ஆங்கில அகரவரிசையில் அலபாமா தொடங்கி வயோமிங் வரை நாற்பத்தெட்டு. ஒரு வாளிக்கு நாலு மாநிலம். பன்னிரண்டு வாளி முடிய என் உதடு நீலமாகிவிடும்.

மாமி குசினி வாசலில் நின்று, "உவன் தடிமன் பிடிச்சுக் கிடந்தா அமெரிக்கா வந்து கொத்தமல்லி அவிச்சுத் தருமோ?" என்று கேட்பார்.

சினிமாவும் பாட்டும்தான் சிக்கல். அப்பா எங்களைப் படம் பார்க்க விட்டதில்லை. புத்தகத்திலும் அதெல்லாம் இல்லை. ஆனால் சந்தியில் இருந்த சலூனில் சுவரின் ஈரத்தை மறைக்க அமெரிக்கப் பத்திரிகைப் பக்கங்களை ஒட்டியிருந்தார்கள். மிஷன் வீட்டுக்குப் பீப்பாவில் வந்து, வாசித்து முடித்து, எடைக்கு விற்கப்பட்ட பத்திரிகைகள். நான் கொப்பியும் பென்சிலுமாகப் போய் அந்தச் சுவரை வாசித்தேன். முடி வெட்ட வந்தவர்களின் தலைக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்து, படங்களுக்குக் கீழே இருந்ததையெல்லாம் எழுதினேன். பேஸ்போலில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். படம் எடுக்கிற ஊர் கலிபோர்னியாவில் இருக்கிறது. மாடு மேய்க்கிறவர்கள் போடுகிற நீலக் காற்சட்டையை இப்போது பட்டணத்துப் பையன்களும் போடுகிறார்கள். நீளமான பாணுக்குள் இறைச்சி வைத்து, அதற்குச் சூடான நாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்ட மாமி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, உதைத் தின்னவோ தாயில்லாத பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்று அப்பாவோடு சண்டைக்கு நின்றார். அண்ணை சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, என் தலையில் கை வைத்தார்.

"நான் பாஸ் பண்ணினா அதிலை பாதி உன்ரை கெட்டித்தனமடா தம்பி."

அந்தச் சில கிழமைகள் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அண்ணையின் பின்னேரங்கள் முழுவதும் எனக்குக் கிடைத்தன. இந்த விளையாட்டின் முடிவில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது ஒரு கோட். போதகர் ஒருவரிடம் அப்பா இரவல் வாங்கிவந்த கம்பளிக் கோட். அண்ணை அதைப் போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அறை முழுக்கப் பூச்சி உருண்டை மணந்தது. கண்ணாடியில் தெரிந்தவரை எனக்குத் தெரியாது. அன்றுதான் விரல் மடித்து எண்ணினேன். நான்கு வருடம். அவர் திரும்பி வரும்போது எனக்குப் பதினைந்து. அதுவரை இந்த வீட்டில் அப்பா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போவார். மாமி குசினியில் இருப்பார். நான் யாரோடு இருப்பேன்?

நேர்முகம் சனிக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லைபிரரி மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டார். லைபிரரியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வயதான ஆசிரியரின் வீட்டில் ரேடியோ இருந்தது. உலகச் செய்தியை ஒரு நாளும் தவறவிடாத மனிதர். கொப்பித் தாளைக் கிழித்து நாலாக மடித்த ஒரு துண்டை என் கையில் வைத்தார்.

"இதைக் கொண்ணையிட்டைக் குடும். அந்தப் புத்தகம் பழசு, அதிலை இருக்கிற சில விசயம் இப்ப பிழை. கட்டாயம் குடும், என்ன?"

"ஓம் மாஸ்ரர்," என்றேன்.

வழியில் பிரித்து வாசித்தேன். ஆங்கிலத்தில் மூன்று வரிகள். அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்துவிட்டன, மாநிலங்கள் இப்போது ஐம்பது. பெரிய மாநிலம் இனி ரெக்சாஸ் அல்ல, அலாஸ்கா. கொடியில் நட்சத்திரங்களும் அதற்கேற்ப மாறும்.

வீடு வந்து சேரும்வரை அதைக் கொடுக்கத்தான் நினைத்திருந்தேன். இதை நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் உண்மை அதுதான். அறைக்குள் போனபோது அண்ணை தன் மேசை லாச்சியை இழுத்து வைத்துக்கொண்டு, உள்ளே இருந்தவற்றைக் கட்டிலில் பரப்பிக்கொண்டிருந்தார். பேனைகள், பழைய கடிதங்கள், சைக்கிள் லைற்றின் உடைந்த கண்ணாடி. லாச்சி வெறுமையாக இருந்தது. அவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து கூப்பிட்டார்.

"இஞ்சை வா. இந்த லாச்சி உனக்கு. நான் போனாப் பிறகு உந்தக் கட்டிலும் உனக்குத்தான். யன்னல் பக்கமெல்லே, நல்ல காத்து வரும்."

இன்னும் தெரிவாகவில்லை. கப்பல் இன்னும் எங்கேயோ நின்றது. ஆனால் அவர் போய்விட்டார் என்று எனக்குத் தோன்றியது. பரிசு தருகிறவரின் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் அழுதிருந்தால், கொஞ்சம் பயந்திருந்தால், காற்சட்டைப் பைக்குள் இருந்ததை எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் அவர்மேல் பழி போடுவதுதான்.

நான் குசினிக்குப் போனேன். மாமி கொடியில் உடுப்பு எடுக்கப் போயிருந்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. துண்டை நெருப்பில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு முழு நாள் இருந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அன்று பின்னேரமும் கிணற்றடியில் அண்ணை தண்ணீர் அள்ளினார். பெரிய மாநிலம் எது என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டேன். ரெக்சாஸ் என்றார். சரி என்றேன். மாநிலங்களைச் சொல்லச் சொன்னேன். அலபாமாவிலிருந்து வயோமிங் வரை ஒரு தடக்கல் இல்லாமல் சொன்னார். பன்னிரண்டு வாளித் தண்ணீரும் என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வாளிக்கும் சரி, சரி என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை கல்லூரி மண்டபத்தில் குடும்பத்தவர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று பார்ப்பதற்காம். அப்பா வெள்ளைச் சேர்ட்டும் பழைய டையுமாக முதல் வரிசைக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் நான், காலைக் கடிக்கிற சப்பாத்தோடு. முன்னால் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: தலை நரைத்த ஒரு பெரியவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மையார், இளைஞர் ஒருவர். பெரியவர் அண்ணையின் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்து, இது எங்கள் நாட்டுப் பெயர் அல்லவா என்று கேட்டார். அப்பா இதற்காக எத்தனை வருடம் காத்திருந்தாரோ தெரியாது. எழுந்து நின்று, பூட்டனையும் மசாச்சுசெற்ஸ் மரவியாபாரியையும் பற்றி அழகான ஆங்கிலத்தில் சொன்னார். பெரியவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பெயரில் தன் ஊரிலேயே ஒரு தெரு நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார். அப்பா அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணையும் பட்டணத்துப் பையனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கேள்வியை ஒருவரிடம் கேட்பார்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மற்றவரிடம் போகும். இருவரும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். சுதந்திரப் பிரகடனம், அடிமை ஒழிப்பு, சிலை, ஆறு எல்லாம் வந்தன. பேஸ்போலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று இளைஞர் கேட்டபோது அண்ணை ஒன்பது என்று சொல்லிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அது சலூன் சுவரில் நான் எட்டி எட்டி எழுதியது. அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு நான் இருந்தேன்.

பிறகு அம்மையார், மாநிலங்கள் எத்தனை என்று அண்ணையிடம் கேட்டார்.

நாற்பத்தெட்டு என்றார் அண்ணை. அம்மையார் பேனையை வைத்துவிட்டு, நிச்சயமாகவா, இன்னொரு தரம் யோசித்துப் பாருங்கள் என்றார் தன்மையாக. நல்ல மனதோடுதான் அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுத்தார். அண்ணைக்கு அது விளங்கவில்லை. தன் அறிவைச் சந்தேகிக்கிறார் என்று நினைத்தார். எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அலபாமா என்று தொடங்கினார்.

முதலில் இளைஞர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். கலிபோர்னியா, கொலராடோ, கனெற்றிக்கட். அண்ணையின் குரல் தெளிவாகவும் ஒரே சீராகவும் இருந்தது. நாலு பெயருக்கு ஒரு முறை சின்னதாக ஓர் இடைவெளி விட்டார். வாளி இறங்கி ஏறுகிற அளவு இடைவெளி. அது ஏன் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவின் உதடும் அவரோடு சேர்ந்து அசைந்தது. நான் அப்போதுகூட ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எழும்பி, அண்ணை, ஐம்பது என்று கத்தியிருந்தால், குழந்தைப் பிள்ளை என்று சிரித்து மன்னித்திருப்பார்கள். வயோமிங் வரும்வரை கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

முடிந்ததும் பெரியவர் கை தட்டினார். அப்பாவும் தட்டினார். அம்மையார் பட்டணத்துப் பையன் பக்கம் திரும்பினார். அவன் கொஞ்சம் வெட்கத்தோடு, ஐம்பது, அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்துவிட்டன என்றான். அப்பாவின் கைகள் தட்டுவதற்கு விரித்தபடியே நின்றன.

தேத்தண்ணி கொடுத்த பிறகு முடிவைச் சொன்னார்கள். பட்டணத்துப் பையன். பெரியவர் அப்பாவிடம் வந்து, கடைசிவரை இருவரும் சமமாக இருந்தார்கள், உங்கள் மகனின் ஞாபகசக்தி அபூர்வமானது, ஆனால் எங்களுக்கு இன்றைய உலகத்தைக் கவனிக்கிற ஒருவர் தேவைப்பட்டது என்று விளக்கினார். அப்பா தலையாட்டிக்கொண்டே நின்றார். அந்த நேரம் பார்த்து லைபிரரி மாஸ்ரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, நான் வியாழக்கிழமை எழுதிக் குடுத்துவிட்ட துண்டு உமக்குக் கிடைக்கேல்லையோ? மாநிலம் ஐம்பதெண்டு எழுதியிருந்தனானே."

அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரிடம் கொடுத்துவிட்டீர்கள் என்று கேட்கப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையில் ஒரு துண்டுக் கேக் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்கிற அளவு நேரம் இருக்கும்.

"கிடைச்சது மாஸ்ரர்," என்றார் அண்ணை. "நான்தான் மறந்துபோனன்."

அப்பா அதைக் கேட்டார். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, நாலு தலைமுறை காப்பாற்றின பெயரை ஒரு துண்டைப் பார்க்கச் சோம்பற்பட்டு அழித்துப்போட்டாய் என்றார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை பதினான்கு வருடம், வீட்டில் எது தவறினாலும் அது அண்ணையின் மறதிக்கே வந்து சேர்ந்தது. சோற்றில் உப்பில்லாவிட்டால், நீயும் உவனைப் போல மறந்துபோனியோ என்று மாமியைக் கேட்பார். அண்ணை தலை நிமிராமல் சாப்பிடுவார். நான் இருவருக்கும் நடுவில் இருந்து சாப்பிடுவேன். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. பதினான்கு வருடம், நாங்கள் சேர்ந்திருந்து சாப்பிட்ட ஒவ்வொரு இரவும்.

அண்ணை நீர்வேலியில் ஒரு வாழைக்குலை வியாபாரியிடம் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தார். விடியப் புறப்பட்டுச் சைக்கிளில் போய் இருட்டி வருவார். என்னைப் படிப்பித்தார். நான் பட்டம் பெற்றேன், உத்தியோகம் பார்த்தேன், ஊர் ஊராக மாறினேன். நாட்டில் நடந்த போர், இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் பிறகு, வயதான காலத்தில் நாங்கள் இருவரும் அதே வீட்டுக்குத்தான் திரும்பி வந்தோம். கடைசி நாட்களில் அவர் படுக்கையாகிவிட்டார். ஒரு மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது, "அண்ணை, அந்தத் துண்டு…" என்று தொடங்கினேன். அவர் கையைக் கொஞ்சம் தூக்கி என்னை நிறுத்தினார்.

"அது நான் மறந்ததெண்டு அண்டைக்கே சொன்னனான் எல்லே," என்றார். "விடு."

சொல்ல விடவில்லை. அவர் எனக்காகச் சொன்ன பொய்யைக் கடைசிவரை தன்னுடையதாகவே வைத்துக்கொண்டு போய்விட்டார். என்னால் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியவில்லை.

இவையெல்லாம் பின்னால் வந்தவை. அந்த வருடத்தில், பதினொரு வயதில், எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அண்ணை போகவில்லை. யன்னல் பக்கக் கட்டிலில் அவர்தான் படுத்தார். அடுத்த கட்டிலில் நான். என்னை ஏசவில்லை, அடிக்கவில்லை, ஏன் செய்தாய் என்று கேட்கவும் இல்லை. முன்போலவே கொப்பி வாங்கித் தந்தார், தலை இழுத்துவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஒன்று மட்டும் மாறியது. அது என்னைச் சந்தோஷப்படுத்திய மாற்றம். ஒழுங்கையில் விளையாடும் நேரத்தில் மற்றப் பையன்களை வீட்டிலிருந்து கூப்பிட்டபடியே இருப்பார்கள். மண்ணெண்ணெய் வாங்கி வா, இந்தக் கடிதத்தைத் தபாற்பெட்டியில் போடு, சின்னையா வீட்டில் போய் இதைச் சொல்லு. ஆட்டம் பாதியில் நிற்கும். என்னை மட்டும் அண்ணை ஒன்றுக்கும் அனுப்பவில்லை. கடிதம் போடுவதென்றால், வேலையால் களைத்து வந்தவர் திரும்பவும் சைக்கிளை எடுப்பார். பக்கத்து வளவுக்கு ஒரு செய்தி சொல்வதென்றாலும் தானே நடந்து போவார். ஒரு நாள் அவருக்கு நல்ல காய்ச்சல். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. நான் கொண்டுபோகிறேன் அண்ணை என்று கையை நீட்டினேன். அவர் கடிதத்தை எடுத்துச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு, வேண்டாம், நீ போய் விளையாடு என்றார். குரலில் ஒரு கடுமையும் இல்லை.

நான் ஓடிப்போய் விளையாடினேன். அண்ணைக்கு என்னில் அவ்வளவு விருப்பம், அதனால்தான் என்னை ஓர் அலுவலுக்கும் அனுப்புவதில்லை என்று பையன்களிடம் பெருமையாகச் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.